ஒட்டகச்சிவிங்கி பார்க்கப் போன குடும்பம்

ஓட்டோ நின்ற இடத்தில் ஒட்டகச்சிவிங்கி இல்லை. சிங்கமும் இல்லை. ஒரு குரங்குகூட இல்லை. மூன்று மாடியில் ஒரு சப்பாத்துக் கடை இருந்தது.

ரஜிதன் கடையைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் மின்னிய சப்பாத்துகளைப் பார்த்தான். பிறகு ஓட்டோச் சாரதியைப் பார்த்தான். சாரதி பெரிய காரியமொன்றை முடித்துவிட்டவனைப்போல முகம் மலர்ந்து, "ஹரி?" என்றான்.

"ஹரி, ஹரி," என்றான் ரஜிதன். சிங்களத்தில் அது 'சரி'.

பக்கத்தில் மனைவி யதுர்ஷிகா நெருக்கியடித்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் ஓரக் கம்பிக்கும் நடுவில் பத்து வயது மகள் சாருஜா. ஆறு வயது கபிஷன் தாயின் மடியில் இருந்தான். அவன் தாயின் காதுக்குள் வாயை வைத்துக் குசுகுசுத்தான்.

"அம்மா, ஒட்டகச்சிவிங்கி சப்பாத்து போடுமோ?"

"அப்பாட்டக் கேள்."

"அப்பா வாய் திறக்கக்கூடாது எண்டவர்."

அது உண்மை. இரவு பஸ்ஸில் கிளிநொச்சியிலிருந்து வந்து விடியப்புறம் கொழும்புப் புறக்கோட்டையில் இறங்கியவுடனே, ரஜிதன் குடும்பத்தை ஒரு மூடிய கடை வாசலில் நிறுத்திவைத்துச் சட்டம் போட்டிருந்தான்.

"ஓட்டோவுக்குள்ள ஒருத்தரும் தமிழ் கதைக்கக்கூடாது. வெளியூர்ச் சனம் எண்டு கண்டானெண்டா, கொழும்பு முழுக்கச் சுத்திக்காட்டிப் போட்டு ஏறின இடத்திலயே இறக்கிவிடுவான். நான் சிங்களத்தில கதைப்பன். நீங்கள் பேசாம வாங்கோ."

"இஞ்ச பாதிச் சனம் தமிழ்தானேயப்பா கதைக்குது," என்றாள் யதுர்ஷிகா. அந்த நேரம் பார்த்து, தலையில் மூட்டை சுமந்த ஒருவர், "வழி விடுங்கம்மா" என்று அவளைத் தாண்டிப் போனார்.

"உமக்குக் கொழும்பு தெரியாது. பேசாம இரும்."

கொழும்பு விஷயத்தில் அவர்களின் ஊரான வட்டக்கச்சியில் ரஜிதனோடு வாதாட யாரும் இல்லை. கலியாணத்துக்கு முன் எட்டு மாதம் அவன் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்தவன். அவனைப் பெண்வீட்டுக்கு அறிமுகம் செய்த தரகர் அப்புத்துரையே, "பொடியனுக்குக் கொழும்பும் சிங்களமும் தண்ணிபட்ட பாடு" என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் யார் கொழும்புக்குப் போனாலும் முதல்நாள் வந்து வழி கேட்பார்கள். அவனும் சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டுச் சொல்லுவான். போனவர்கள் எப்படியோ திரும்பி வந்ததால் அவன் பெயர் கெடவில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் கபிஷன். வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் இருக்கும் பையன், ஒட்டகச்சிவிங்கி என்று ஒரு மிருகமே கிடையாது, அது புத்தகத்துக்காகக் கீறினது என்று அடித்துச் சொல்லிவிட்டான். அவ்வளவு நீளக் கழுத்து இருந்தால் தண்ணீர் குடிக்கக் குனியும்போது முறிந்துவிடுமாம். கபிஷன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "என்ர அப்பாவோட போய்ப் பாத்துப் படம் எடுத்துக்கொண்டு வாறன்" என்று வகுப்பில் எழுந்து நின்று சொல்லியும்விட்டான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. முகம் கழுவி, தேநீர் குடித்து, வெயில் ஏறிய பிறகுதான் ஓட்டோ பிடிக்கப் போனார்கள். பஸ் நிலையத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து ஓட்டோக்காரர்கள் சத்தம் போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒரு இளைஞன் மட்டும் வாயே திறக்காமல் தன் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றான். வண்டிக்குள் சின்னப் புத்தர் சிலை இருந்தது. சிங்களப் பாட்டு மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதவன்தான் நல்லவன்," என்று ரஜிதன் தீர்மானித்தான். முழுநாளுக்கும் வாடகை பேசினான். பேசியது பெரும்பாலும் கையால்.

ஏறியதும், மிருகக்காட்சிச்சாலையை நினைத்து, "சூ," என்றான்.

சாரதி திரும்பிப் பார்த்தான்.

"சூ! சூ!" சிங்களத்தில் மிருகத்துக்கு என்ன சொல் என்று யோசித்தான். நல்லகாலம், நினைவு வந்தது. "சத்து! சத்து!"

சாரதி குனிந்து தன் காலைப் பார்த்தான். "சூ... சப்பாத்து?"

"ஒவ், ஒவ்! சத்து!" ஆம் என்று ரஜிதன் அடித்துச் சொன்னான்.

சாரதியும் தலையாட்டினான், ரஜிதனும் தலையாட்டினான். ஓட்டோ புறப்பட்டது.

கொழும்பின் வரைபடம் முழுக்க இருந்த ரஜிதனின் ஃபோனில் இப்போது உயிரில்லை. இரவு முழுக்க பஸ்ஸில் கபிஷன் அதில் கார் ஓட்டியிருந்தான். யதுர்ஷிகாவின் ஃபோன் போன கிழமை வாய்க்காலுக்குள் விழுந்து, இப்போது கிளிநொச்சியில் திருத்தக் கடையில் கிடந்தது.

ஆகவே சப்பாத்துக் கடை.

"இறங்குங்கோ, இறங்குங்கோ," என்று ரஜிதன் சாரதிக்குக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். கடை வாசலுக்கு வந்தபிறகு குரலைத் திருத்திக்கொண்டான். "சூவுக்குள்ள எவ்வளவு தூரம் நடக்கோணும் தெரியுமே? தம்பியின்ர இந்தச் செருப்போட ஏலாது. அதுதான் முதல்ல இஞ்ச நிப்பாட்டச் சொன்னனான்."

"நீங்கள்தான் சொன்னனீங்களோ?" என்றாள் யதுர்ஷிகா.

"ஓம்."

"சரி."

அந்தச் 'சரி'யை ரஜிதனுக்கு நன்றாகத் தெரியும். அது வாசலோடு நின்றுவிடும் 'சரி' அல்ல. வீடுவரை கூட வரும்.

கபிஷனின் காலுக்கு அளவானது கடையில் இல்லை. விற்பனைப் பையன் ஒரு பெரிய சோடியைக் கொண்டுவந்து போட்டு, சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னான். "வளருற பிள்ளைதானே எண்டு சொல்லுறார்," என்று ரஜிதன் மொழிபெயர்த்தான். பையன் சொன்னது அதுதானா என்று யாருக்கும் தெரியாது. கபிஷன் அதைப் போட்டுக்கொண்டு டக்கு டக்கென்று வாத்து மாதிரி நடந்து வெளியே வந்தான்.

வெளியே வந்ததும் சாருஜா தகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்து, மேலே காட்டினாள். கட்டடங்களுக்கு மேலால் தாமரைக் கோபுரம் நின்றது. ஊதா நிற மொட்டு வெயிலில் பளபளத்தது.

ரஜிதனுக்குப் போன உயிர் வந்தது. "சூவுக்குப் பின்னேரம் போவம். வெயிலுக்கு மிருகமெல்லாம் படுத்திருக்கும். முதல்ல கோபுரத்தில ஏறுவம். கண்ணுக்கு முன்னாலயே நிக்குது. இதில பிழைக்க என்ன இருக்கு?"

ஓட்டோவில் ஏறிக் கோபுரத்தைக் கையால் காட்டினான். சாரதி தலையாட்டினான். இரண்டு நிமிடம் எல்லாம் சரியாகவே போனது. பிறகு ஒருவழிப் பாதையொன்று வந்தது. ஓட்டோ திரும்பியது. கோபுரம் இடப்பக்கம் போனது. இன்னொரு திருப்பம். இப்போது பின்னால் நின்றது. மூன்றாவது திருப்பத்தில் கோபுரமே இல்லை. அவ்வளவு பெரிய சாமானை எந்தக் கட்டடம் மறைத்ததோ தெரியவில்லை.

சாரதி திரும்பிப் புருவத்தை உயர்த்தினான்.

கோபுரத்துக்குச் சிங்களம் ரஜிதனுக்குத் தெரியாது. தாமரைக்குத் தெரியும். "நெலும்," என்றான்.

சாரதியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"நெலும்... நெலும் மல்!" பூவுக்கு மல் என்பது அவனுக்கு நல்ல நிச்சயம். இரும்புக் கடைக்குப் பக்கத்துக் கடை பூக்கடை.

"மல்?" சாரதி இரண்டு கைகளையும் மொட்டுப்போலக் குவித்துக் காட்டினான்.

"ஒவ்! மல்! லொக்கு மல்!" பெரிய பூ என்று, இரு கைகளையும் கூரை முட்ட உயர்த்திக் காட்டினான் ரஜிதன்.

சாரதிக்குச் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது. பாட்டைக் கொஞ்சம் கூட்டிவைத்தான். சந்துகளுக்குள்ளால் விரைந்து போய், ஒரு விகாரையின் வாசலில், வரிசையாக இருந்த பூக்கடைகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அங்கே இருந்ததிலேயே மிகப் பெரிய தாமரைகள் இருந்த கடையாகப் பார்த்து நிறுத்தியிருந்தான்.

இறங்கித் தள்ளி வந்ததும் யதுர்ஷிகா கணவனைப் பார்த்தாள்.

"கோயிலைக் கும்பிட்டிட்டுத்தான் எதையும் தொடங்கோணும்," என்றான் ரஜிதன்.

"நீங்கள்தான் சொன்னனீங்கள், என்ன?"

"ஓம்."

"சரி."

பூக்காரி அதற்குள் யதுர்ஷிகாவின் கைகளில் ஒரு கட்டுத் தாமரையை வைத்துவிட்டாள். வெள்ளை உடுத்த ஒரு அம்மையார் அவர்களைக் கண்டு, அன்போடு முதுகில் கைவைத்து வரிசைக்குள் சேர்த்தார். பஸ் பயணத்தில் யதுர்ஷிகாவின் ஒட்டுப் பொட்டு ஜன்னல் கண்ணாடியில் எங்கோ ஒட்டிப்போயிருந்தது. யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பூ வைத்தார்கள். கும்பிட்டார்கள். பாயில் உட்கார்ந்தார்கள். பிரித் என்ற பௌத்த மந்திரம் ஓதியது வெகுநேரம் நடந்தது. கடைசியில் ஒரு பிக்கு வந்து நாலுபேரின் கையிலும் வெள்ளை நூல் கட்டிவிட்டார்.

அன்று முழுவதிலும் ரஜிதன் நிம்மதியாக இருந்தது அந்த இடத்தில்தான். அங்கே அவனிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. சாருஜா வயிற்றைப் பிடித்துக் காட்டினாள். கபிஷன் வாயைத் திறந்து காட்டினான். சாரதி அவர்களின் கை நூல்களைப் பார்த்துவிட்டுத் தானும் பயபக்தியோடு தலையைக் குனிந்தான்.

"இதை எனக்கு விடுங்கோ," என்று ரஜிதன் மனைவியின் காதுக்குள் சொன்னான். "சாப்பாட்டுச் சிங்களம் எனக்கு நல்லா வரும்."

சோற்றுக்கு பத். தின்பதற்கு கன்ன. இவை இரண்டும் இல்லாமல் எட்டு மாதம் அவன் கொழும்பில் உயிரோடு இருந்திருக்க முடியாது.

"பத்," என்றான் சாரதியிடம். "பத்... கன்ன."

"பத்து?" சாரதி பத்து விரல்களையும் விரித்துக் காட்டினான்.

பத்து நிமிட ஓட்டம் போலிருக்கிறது என்று நினைத்து, "ஹரி, ஹரி, பத்" என்றான் ரஜிதன். சாரதி இன்னும் யோசனையோடு பார்ப்பதைக் கண்டு, வாயைத் திறந்து, சோறு அரைபடுவதைக் காட்டக் கன்னத்தில் தட்டிக்கொண்டே, "கன்ன, கன்ன!" என்றான். கபிஷனும் உதவிக்கு வாயைப் பிளந்து, பசி தாங்காத முகத்தைக் காட்டினான்.

சாரதியின் முகம் இரக்கத்தால் மாறிப்போனது. "ஐயோ," என்றான். ஹோர்னை அடித்த கை எடுக்காமல், பஸ்களுக்கு நடுவில் புகுந்து, ஒரு சிவப்பு விளக்கைக்கூட மனமில்லாமல்தான் மதித்து, அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

பெயர்ப்பலகையில் ஆளளவு உயரத்தில் ஒரு பல் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே மூன்று மொழிகளிலும் பல் வைத்தியம், கொழும்பு 10 என்று எழுதியிருந்தது.

இந்தமுறை யதுர்ஷிகா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ரஜிதனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஆசுப்பத்திரிக்குப் பக்கத்தில நல்ல சாப்பாட்டுக் கடையள் இருக்கும்," என்று அவன் அவள் காதுக்குள் தொடங்கும்போதே, சாரதி இறங்கி ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். இவ்வளவு கரிசனையோடு நிற்பவனை எப்படி ஏமாற்றுவது? நாலுபேரும் உள்ளே போனார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கையை நீட்டி, "என்ன, என்ன" என்றாள். சிங்களத்தில் அது 'வாருங்கள்'.

"ஒண்டுமில்லை, சும்மாதான்," என்றான் ரஜிதன், தன்னையறியாமல்.

"ஓ, தமிழா? வாங்க, வாங்க! யாருக்குங்க பல்லு வலி?"

யதுர்ஷிகா கணவனை ஒரு தரம் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். காலையிலிருந்து அடைத்துவைத்த தமிழெல்லாம் அவளுக்குள் இருந்து கொட்டியது. ஒருத்தருக்கும் வலி இல்லை, பசிதான், சூவுக்குப் போக வெளிக்கிட்டது, சப்பாத்து வாங்கினது, தாமரை வாங்கினது, எல்லாம். அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யதுர்ஷிகா கேட்க முன்னமே கணவனின் ஃபோனை வாங்கி மின்சாரத்தில் போட்டாள்.

இதற்குள் வைத்தியர் வெளியே வந்துவிட்டார். கபிஷனின் வாய் பசியால் இன்னும் திறந்துதான் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"இது எப்படியும் விழப்போறதுதான். வந்ததுக்கு எடுத்திருவோம்," என்றார்.

வேண்டாம் என்று சொல்ல ரஜிதன் வாயெடுப்பதற்குள் பல் வந்துவிட்டது. அதைக் கடதாசியில் சுற்றி அவன் கையில் தந்தார்கள். கபிஷனின் வாய்க்குள் ஒரு பஞ்சை வைத்து, "கடிச்சிட்டு இருக்கணும். பேசக் கூடாது," என்றார் வைத்தியர்.

கபிஷன் தகப்பனைப் பார்த்தான். கொழும்பில் எல்லோருமே இதைத்தான் சொல்கிறார்கள் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

பக்கத்துக் கடையில் மூன்று பேர் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். கபிஷனுக்கு ஐஸ்கிறீம் கொடுத்து, பிறகு பஞ்சை மாற்றி வைத்தார்கள். யதுர்ஷிகா கையைக் கழுவிக்கொண்டு வந்து கணவனுக்கு முன்னால் நீட்டினாள்.

"ஃபோனைத் தாங்கோ."

"நான் சொல்லுறன், இந்த முறை அந்தச் சொல் எனக்கு..."

"ஃபோனைத் தாங்கோ எண்டு சொல்லுறன்."

தந்தான். அவள் ஓட்டோவுக்குப் போய், ஒரு வார்த்தையும் பேசாமல், ஒட்டகச்சிவிங்கியின் படத்தைச் சாரதியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சாரதி, "ஆ!" என்றான். ஒரு கையைத் தலைக்கு மேலே கழுத்துப்போல நீட்டி, மற்றக் கையால் அதைக் காட்டினான். யதுர்ஷிகா தலையாட்டினாள். அவன் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டு, தன் ஃபோனைக் குனிந்து தட்டிப் பார்த்தான். ஓட்டோ பாய்ந்தது.

"படம் காட்டினா ஆருக்கும் விளங்கும்தானே," என்று முணுமுணுத்தான் ரஜிதன்.

இப்போது வழி சரி. நேரம்தான் பிழைத்துவிட்டது. பள்ளிக்கூடங்கள் விட்டு வான்களெல்லாம் தெருவுக்கு வந்திருந்தன. ஓரிடத்தில் ரயில் கடவை மூடியிருந்தது. ஒரு ரயில் போனது. திறப்பார்கள் என்று பார்த்தால், எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்தது. மிருகக்காட்சிச்சாலைக்கு முன்னால் ஓட்டோ போய் நின்றபோது, காவலாளி வாசல் கேற்றைச் சாத்திக்கொண்டிருந்தார்.

ரஜிதன் இறங்கி ஓடினான். தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் ஒரே மூச்சில் காவலாளியிடம் கொட்டினான். சோறு, பூ, இடது, வலது, நேரே, எவ்வளவு, கொஞ்சம் பொறுங்கள், பெரிய பூ. காவலாளி பொறுமையாகக் கேட்டார். இரங்கிய மாதிரியும் இருந்தது. பிறகு கேற்றைப் பூட்டினார்.

திரும்பி வந்தபோது சாரதி தெருவுக்கு அந்தப் பக்கம் தேநீர்க் கடையில் யாரிடமோ ஏதோ விசாரித்துக்கொண்டு நின்றான். கபிஷன் ஓட்டோவில் இருந்து அழுதுகொண்டிருந்தான். தோள் குலுங்கியது. கண்ணீர் நாடிவரை வழிந்து புதுச் சப்பாத்தில் விழுந்தது. ஆனால் சத்தமே வரவில்லை. பஞ்சு மட்டும் காரணமல்ல. ஓட்டோவுக்குள் வாய் திறக்கக்கூடாது என்று அப்பா சொன்னதை அந்த நேரத்திலும் அவன் மீறவில்லை.

புறக்கோட்டையில் இருந்த எட்டு மாதமும் ரஜிதன் இப்படித்தான் இருந்தான். கடையில் எல்லோரும் தமிழ். அறையில் எல்லோரும் தமிழ். இரண்டுக்கும் இடைப்பட்ட தெருவில் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நிலத்தைப் பார்த்து நடப்பான். அந்த யுத்த காலம் அப்படி. யாராவது மறித்து ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பயந்தே பக்கத்துக் கடற்கரையான காலிமுகத்திடலைக்கூட ஒருநாளும் பார்க்காமல் ஊருக்குத் திரும்பினான். அந்தப் பயத்தைத்தான் காலையில் சட்டமாகப் போட்டுப் பிள்ளைகளின் வாயில் கட்டியிருக்கிறான்.

"தம்பி," என்றான். "சத்தமா அழடா. அப்பா ஒண்டும் சொல்லமாட்டன்."

அனுமதி கிடைத்ததும் கபிஷனுக்கு அழுகை நின்றுவிட்டது.

"வாங்கோ, மதிலைச் சுத்திப் பாப்பம்," என்றாள் யதுர்ஷிகா. "அது நீளக் கழுத்துத்தானே."

அவள் அதைப் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் கபிஷன் இறங்கிவிட்டான். டக்கு டக்கென்று முன்னால் நடந்தான். மதில் நீண்டுகொண்டே போனது. மதிலுக்கு மேலே மரங்கள், மரங்களுக்கு மேலே காகங்கள். ஓரிடத்தில் உள்ளேயிருந்து ஏதோ உறுமியது. சாருஜா, "அது சிங்கம், கேட்டாச்சு," என்று ஆறுதல் சொன்னாள். காலையிலிருந்து அவள் உரத்துச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

திருப்பத்தில் ரஜிதன் மகனைத் தூக்கித் தோளில் வைத்தான். சப்பாத்தின் குதி அவன் நெஞ்சில் இடித்தது. அப்போது ஒரு கிளை அசைந்தது. கிளைக்குள்ளிருந்து இரண்டு சின்னக் கொம்புகள் வந்தன. பிறகு காது. பிறகு பெரிய கறுத்த கண்ணும், அசைபோடும் வாயும். மதிலுக்கு மேலால் ஒட்டகச்சிவிங்கி நாலுபேரையும் நின்று பார்த்தது.

"ஓஓஓஓ!" என்றான் கபிஷன். பஞ்சு தெறித்து விழுந்தது. "ஒட்டகச்சிவிங்கியப்பா! உண்மையா இருக்கு! முறியேல்லையப்பா, கழுத்து முறியேல்லை!"

யதுர்ஷிகா படம் எடுத்தாள். படத்தில் ரஜிதனின் தலை பாதி, கபிஷனின் பல்லில்லாத வாய் முழுசு, அதற்கு மேலே ஒட்டகச்சிவிங்கியின் முகம். உள்ளே போய் நின்றிருந்தாலும் இவ்வளவு கிட்டத்தில் அது கிடைத்திருக்காது. அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை நாலுபேரும் அந்தத் தெருவில் நின்று தமிழில் கத்தினார்கள். போன சனங்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் மறிக்கவில்லை.

திரும்பி வந்து ஓட்டோவில் ஏறியதுமே பிள்ளைகள் இரண்டும் நித்திரை. சாரதி இரண்டு கையையும் விரித்து, எங்கே என்று கேட்டான். ரஜிதன் கடல் இருக்கும் திசையைக் காட்டினான். அதில் பிழை வர வழியில்லை. நேரே போனால் கடல்.

காலிமுகத்திடலில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டங்கள் பறந்தன. எழும்பிய பிள்ளைகள் அலை ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரஜிதன் இறால் வடை வாங்கிவந்து மனைவியிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யது."

"ம்."

"எனக்குச் சிங்களம் தெரியாது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதெண்டு தெரியும். கலியாணம் முடிஞ்ச மூண்டாம் மாதமே தெரியும். வவுனியாவில அந்தப் பழக்கடைக்காரரிட்ட நீங்கள் மாம்பழம் கேட்டு, அந்தாள் கத்தியைக் கொண்டுவந்து தந்தது நினைவிருக்கோ?"

ரஜிதன் வடையைப் பார்த்தான். "அப்ப ஏன் இவ்வளவு நாளும் ஒண்டும் சொல்லேல்லை?"

"ஊர்ச் சனம் வந்து உங்களிட்ட வழி கேக்கேக்க, உங்கட முகத்தைப் பாக்க எனக்கு விருப்பம்."

பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மெதுவாக. "லொக்கு மல்," என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியபோது அவளால் அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"பாவம் அந்தப் பொடியன்," என்றாள் அவள். "காலமை தொடக்கம் நாங்கள் படுத்தின பாட்டுக்கு ஒருக்காத்தன்னும் முகம் சுளிக்கேல்லை. பல்லுக்கடைக்கு என்ன ஓட்டம் ஓடினவன்! சாப்பிட்டானோ தெரியாது."

ரஜிதன் எழுந்தான். மிச்ச வடையைக் கடதாசியில் சுற்றி எடுத்தான்.

"எங்க போறியள்?"

"அவனிட்டப் போறன். எனக்குச் சிங்களம் தெரியாது, மன்னிச்சுக்கொள்ளு தம்பி எண்டு தமிழிலயே சொல்லப்போறன். விளங்கினா விளங்கட்டும், விளங்காட்டிப் போகட்டும்."

"சரி," என்றாள் யதுர்ஷிகா. இந்தச் 'சரி' வேறு மாதிரி இருந்தது.

தெரு ஓரத்தில் ஓட்டோ நின்றது. சாரதி இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஃபோனைக் காதில் வைத்து மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டு நின்றான். கதை முடியட்டும் என்று ரஜிதன் இரண்டு அடி தள்ளிக் காத்து நின்றான். வாகனச் சத்தம் ஒரு கணம் ஓய்ந்தபோது அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"இல்லையம்மா, இன்னும் சாப்பிடேல்லை, காலமை தொடக்கம் முதலாளியின்ர ஓட்டோவோட ஒரு சிங்களக் குடும்பத்திட்ட மாட்டுப்பட்டு நிக்கிறன், அந்த அண்ணை சொல்லுறது எனக்கு ஒரு சொல்லும் விளங்குதில்லை, நான் மாங்குளத்தில இருந்து போன கிழமைதான் வந்தனான் எண்டதைச் சிங்களத்தில எப்பிடியம்மா சொல்லுறது?"